முதல் ஊதியமும் முதல் பயிற்சியும்



ஆண்டுதோறும் தேர்வு முடிவுகள் வெளியாகி, வேலைக்கான ஆணைகள் வரத் தொடங்கும் மாதங்களில், வீடுகளில் முதலில் எழுகின்ற கேள்வி ஒன்றே: "எவ்வளவு தருகிறார்கள்?" வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூராயினும் சென்னை மாம்பலமாயினும் இக்கேள்வி மாறுவதில்லை. இரண்டு வேலைகள் ஒரே சமயத்தில் வந்து, ஒன்றில் ஊதியம் மிகுதியாகவும் மற்றொன்றில் கற்றுக்கொள்ளும் வாய்ப்பு மிகுதியாகவும் இருந்துவிட்டால், வீட்டில் உடனே இரண்டு கட்சிகள் தோன்றிவிடும். "சிறு வயதில் பணத்தைப் பார்க்காதே, அனுபவத்தைப் பார்" என்பது ஒரு கட்சி. "அனுபவம் அரிசி வாங்கித் தருமா?" என்பது மற்றொரு கட்சி. முதற்கட்சியில் பெரும்பாலும் ஓய்வூதியம் பெறும் ஆசிரியப் பெருமக்கள் இருப்பார்கள். இரண்டாம் கட்சியில் மாதச் செலவைக் கையில் வைத்திருக்கும் இல்லத்தரசிகள் இருப்பார்கள். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. ஆயினும் இரு சாராரும் ஒரு வினாவைக் கேட்காமலே விட்டுவிடுகின்றனர். குறைந்த ஊதியத்துக்கு ஒரு பிள்ளை வேலைக்குச் செல்லும்போது, குறைகின்ற அந்தத் தொகையை யார் கொடுக்கிறார்கள்?

இதைப் பொதுவாகப் பேசினால் விளங்காது. ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்த்துக் கணக்காகவே எழுதிவிடலாம். செய்யாறு வட்டத்தில் மூன்று ஏக்கர் நிலம். நெல்லும் வேர்க்கடலையும் மாறிமாறிப் பயிர். தந்தை, தாய், பாட்டி, பாலிடெக்னிக்கில் படிக்கும் மகன், பி.காம். முடித்துச் சி.ஏ. இடைநிலைத் தேர்விலும் வெற்றி பெற்ற மகள். மகளுக்கு இரண்டு வழிகள் திறந்திருக்கின்றன. ஒன்று, ஸ்ரீபெரும்புதூரில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் மாதம் 22,000 ரூபாய் ஊதியத்தில் வேலை. மற்றொன்று, சென்னையில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் ஆர்ட்டிகிள்ஷிப். அங்கே மாதம் 8,000 ரூபாய் உதவித்தொகை.

ஆர்ட்டிகிள்ஷிப் என்பதை அறியாத பெரியவர்களுக்குச் சிறு விளக்கம் தேவை. சி.ஏ. பட்டயம் பெற விரும்புவோர், தொழில் நடத்தும் ஆடிட்டர் ஒருவரிடம் பயிற்சியாளராகப் பணியாற்றியே ஆகவேண்டும். 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த பட்டயக் கணக்காளர் நிறுவனம் இதை விதியாக வைத்துள்ளது. முன்பு மூன்றாண்டாக இருந்த இப்பயிற்சி, 2023 ஜூலை முதல் இரண்டாண்டாகக் குறைக்கப்பட்டது. பயிற்சியாளருக்குத் தரவேண்டிய குறைந்த அளவு உதவித்தொகையையும் அந்நிறுவனமே வகுத்துள்ளது. 20 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகரங்களில் முதலாண்டுக்கு மாதம் 2,000 ரூபாய் என்றிருந்தது. புதிய திட்டத்தில் அது இரட்டிப்பாக்கப்பட்டது. இரட்டித்த பின்னும் சென்னையில் அது ஒரு பெண்ணுக்கு விடுதி வாடகைக்குப் போதாது. நல்ல அலுவலகங்கள் இதைவிடக் கூடுதலாகவே தருகின்றன. ஆயினும் அதே படிப்புத் தகுதிக்கு வெளியில் கிடைக்கும் ஊதியத்தை அது எட்டுவதில்லை.

இனிக் கணக்குக்கு வரலாம். 22,000-க்கும் 8,000-க்கும் வேறுபாடு மாதம் 14,000 ரூபாய். இருபத்து நான்கு மாதங்களுக்கு 3,36,000 ரூபாய். மகள் ஆர்ட்டிகிள்ஷிப்பைத் தேர்ந்தெடுத்தால் இத்தொகை வீட்டுக்கு வராது. அதோடு முடிவதுமில்லை. விடுதிக்கும் உணவுக்கும் 9,000 ரூபாய் ஆகுமானால், உதவித்தொகை அதற்கே போதாமல், பேருந்துக்கும் புத்தகத்துக்கும் தேர்வுக் கட்டணத்துக்கும் வீட்டிலிருந்து மாதம் மூவாயிரம், நான்காயிரம் அனுப்ப வேண்டியிருக்கும். அந்தப் பணம் எங்கிருந்து வரும்? தாயின் வளையல் இன்னும் ஓராண்டு கூட்டுறவுச் சங்கத்தின் நகைக்கடனிலேயே கிடக்கும். ஆழ்துளைக் கிணற்றுக்கு வாங்கவேண்டிய புதிய மோட்டார் தள்ளிப் போகும். மகன் வாங்க நினைத்த மடிக்கணினி பழையதாக வாங்கப்படும். "பணத்தைப் பார்க்காதே" என்று அறிவுரை கூறும்போது, பணத்தைப் பாராதிருக்கும் உரிமையை அந்தப் பெண்ணுக்கு வாங்கிக் கொடுப்பவர்கள் இவர்களே. இதைச் சொல்வது அந்தப் பெண்ணைக் குற்றவுணர்வுக்கு ஆளாக்குவதற்காக அன்று. விலை கொடுப்பவர்க்கு, வாங்கும் பொருள் இன்னதென்று கேட்கும் உரிமை உண்டு என்பதற்காகவே.

அந்தக் குடும்பத்தில் சரியான கேள்வியைப் பாட்டிதான் கேட்பார் என்று எண்ணத் தோன்றுகிறது. தந்தை "ஆடிட்டர் பெரியவரா?" என்பார். மாமா "சென்னையில் எந்தப் பகுதி?" என்பார். பாட்டி மட்டும், "அங்கே போய் நீ என்ன வேலை அம்மா செய்வாய்?" என்பார். இதற்குப் பெரும்பாலான பிள்ளைகளிடம் விடை இருப்பதில்லை. அலுவலகத்தின் பெயர் தெரியும், இடம் தெரியும், உதவித்தொகை தெரியும். காலை பத்து மணிக்கு மேசையில் என்ன வைக்கப்படும் என்பது தெரியாது.

அந்த விடையைப் பெறுவது கடினமன்று. ஏற்கெனவே அங்கே பயிற்சி பெறும் மாணவர் இருவரைத் தனியே சந்தித்து, "சென்ற மாதம் என்னென்ன செய்தீர்கள்?" என்று கேட்டால் போதும். "என்ன கற்றுக்கொள்கிறீர்கள்?" என்று கேட்டால் "நிறைய" என்றுதான் பதில் வரும், அதனால் பயனில்லை. சென்ற மாத வேலையைக் கேட்டால் உண்மை வெளிவரும். ஒருவர், "ஜி.எஸ்.டி. விவரங்களைக் கணினியில் ஏற்றினேன்; வங்கிக்குப் போய்க் காசோலை போட்டேன்; கோப்புகளை வாடிக்கையாளரிடம் சேர்த்தேன்; அதற்கு முந்தைய மாதமும் அதுவே" என்பார். இன்னொருவர், "ஓர் அரிசி ஆலையின் இருப்பைச் சரிபார்க்கப் போனேன். மூட்டைக் கணக்கும் ஏட்டுக் கணக்கும் பொருந்தவில்லை. நான் எழுதிய குறிப்பை மூத்தவர் இருமுறை திருப்பி அனுப்பினார். மூன்றாம் முறைதான் ஏற்றுக்கொண்டார்" என்பார். இரண்டு அலுவலகங்களும் ஒரே உதவித்தொகை தரலாம். இரண்டாண்டு முடிவில் தரும் சான்றிதழிலும் ஒரே வாசகமே இருக்கும். ஆனால் முதல் அலுவலகத்தில் சேர்ந்த பிள்ளைக்காக அக்குடும்பம் செலவிட்ட 3,36,000 ரூபாய்க்கு ஈடாக வந்தது வங்கிக்குச் செல்லும் வழி மட்டுமே.

செய்த வேலையை மேலுள்ள ஒருவர் பார்த்து, தவற்றைச் சுட்டி, திருப்பித் தருகின்றாரா என்பதே இதில் அடிப்படை. திருத்துவார் இல்லாத இடத்தில் கழியும் காலம் அகவையைக் கூட்டும், திறனைக் கூட்டாது. மேலே இருப்பவர் யார் என்பது வேலையின் பெயரைவிட முதன்மையானது என்பதற்குச் சென்னையிலேயே ஒரு வரலாறு உண்டு. கணித மேதை இராமானுஜன் 1912 மார்ச் முதல் நாள் சென்னைத் துறைமுகக் கழகத்தின் கணக்குப் பிரிவில் எழுத்தராகச் சேர்ந்தார். ஊதியம் மாதம் 30 ரூபாய். அப்போது அவர் மணமானவர், குடும்பத்தில் வறுமை. அதற்குச் சற்று முன்பு வேறோர் அரசு அலுவலகத்தில் 20 ரூபாய்க்குத் தற்காலிகமாகப் பணியாற்றியிருந்தார். துறைமுகக் கணக்கெழுதும் அனுபவத்தால் கணிதம் வளராது என்பது எவர்க்கும் தெரியும். ஆனால் அங்கே தலைமைக் கணக்கராக இருந்த நாராயண ஐயர் கணிதம் கற்றவர். இந்தியக் கணிதக் கழகத்தோடு தொடர்புடையவர். கழகத்தின் தலைவராக இருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் அந்த இளைஞரின் அருமையை உணர்ந்தார். அங்கிருந்தபடியே இராமானுஜன் 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அவ்வாண்டு மே மாதம் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கியது. அந்த 30 ரூபாய் வேலையை ஊதியத்தைக் கொண்டு மதித்தாலும் தவறாகும். பதவியின் பெயரைக் கொண்டு மதித்தாலும் தவறாகும்.

இங்கே ஒரு தடை எழலாம். "இராமானுஜனும் இராமனும் மேதைகள்; எல்லாப் பிள்ளைகளுக்கும் அது பொருந்துமா?" என்று கேட்கலாம். மேதைமை பொருந்தாது, வீட்டுக் கணக்கு பொருந்தும். சர் சி.வி. இராமனின் வரலாற்றைப் பள்ளிகளில் சொல்லும்போது, அறிவியலுக்காகப் பெரும் பதவியைத் துறந்தார் என்ற பகுதியை மட்டும் சொல்வது வழக்கம். 1917-இல் அரசின் நிதித்துறைப் பதவியை விட்டு, ஏறத்தாழப் பாதி ஊதியத்தில் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் பாலித் பேராசிரியர் பதவியை ஏற்றார் என்பது உண்மையே. ஆனால் அதற்கு முந்தைய பத்தாண்டுகளை எவரும் எடுத்துரைப்பதில்லை. 1907-இல் எம்.ஏ. முடித்தவுடன் அவர் நிதித்துறைத் தேர்வை எழுதி அரசுப் பணியில் சேர்ந்தார். வயது இருபதுகூட ஆகவில்லை. அவ்வாண்டே திருமணமும் நடந்தது. இந்தியாவில் அறிவியல் ஆய்வால் வாழ்க்கை நடத்த வழி அரிதாக இருந்த காலம். எனவே ஊதியம் தரும் வேலையை ஏற்று, கல்கத்தாவில் பவுபஜார் தெருவிலிருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுக்கூடத்தில், அலுவலகத்துக்கு முன்னும் பின்னுமான நேரங்களில் ஆய்வு செய்தார். இரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றலாகிச் சென்றபோதும் ஆய்வைக் கைவிடவில்லை. பத்தாண்டு முடிவில் அவர் பெயர் ஆய்விதழ்களால் அறியப்பட்டிருந்தது. அப்போதுதான் பாதி ஊதியத்தை ஏற்றார். குடும்பத்தை நிலைநிறுத்திய பின், தம் திறன் உறுதிப்பட்ட பின் எடுத்த முடிவு அது. ஆகவே, நல்ல ஊதியமுள்ள வேலையை முதலில் ஏற்பவன் கற்கும் வாய்ப்பை அன்றே இழந்துவிட்டான் என்று முடிவு கட்டுதல் முறையன்று. மாலை நேரம் அவன் கையில் மிஞ்சுகிறதா என்பதைப் பார்க்க வேண்டும். இன்றைய வேலைகள் பலவற்றில் மிஞ்சாதது அதுவே.

குறைந்த ஊதியம் என்பதாலேயே அங்கே கல்வி உண்டு என்று நம்பிவிடுவது மற்றொரு பிழை. சில தொழில்களில் இந்நம்பிக்கை மரபாகவே ஊறிவிட்டது. வழக்கறிஞர் தொழில் அதற்குச் சான்று. மூத்த வழக்கறிஞரிடம் சேரும் இளையவர், "கற்றுக்கொள்கிறார்" என்ற பெயரில், ஆண்டுக்கணக்காகப் பேருந்துச் செலவுக்கும் போதாத தொகையைப் பெற்றுவந்தார். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை தாங்கிக்கொண்டது. ஏழை வீட்டுப் பிள்ளை தொழிலை விட்டே போய்விட்டது. 2024 ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்றம் இதில் தலையிட்டது. சென்னை, மதுரை, கோவை ஆகிய நகரங்களில் இளம் வழக்கறிஞர்க்கு மாதம் 20,000 ரூபாய்க்கும், பிற ஊர்களில் 15,000 ரூபாய்க்கும் குறையாமல் உதவித்தொகை தரவேண்டும் என அறிவுறுத்துமாறு வழக்கறிஞர் கழகத்தைப் பணித்தது. தொழிற்பழகுநர் சட்டமோ 1961-இலேயே வந்துவிட்டது. அதன் விதிகள் 2019-இல் திருத்தப்பட்டபோது, பட்டதாரிப் பழகுநர்க்கு மாதம் 9,000 ரூபாய் குறைந்த அளவாயிற்று. கற்பவர் உழைக்கவும் செய்கிறார், அவ்வுழைப்புக்கு விலை உண்டு என்பதைச் சட்டமும் நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டுவிட்டன. வீட்டிலுள்ளோர் ஏற்கத் தயங்குவது வியப்பே.

மிகுபொருள் விரும்பாமை என்னும் நோன்பைக் காட்டி, ஊதியம் கேட்பதே ஆசை என்று இளையோரைக் கடிந்துகொள்ளும் பெரியவர்களும் உண்டு. அந்நோன்பு, அளவுக்கு மேல் சேர்த்து வைத்தலுக்கு வரம்பு கட்டுவது. செய்த வேலைக்கு உரிய கூலியைப் பிறரிடம் விட்டுவிடச் சொல்வதன்று. கூலியைக் குறைத்துக் கொடுத்து மிகுபொருள் சேர்ப்பவர்க்கே அந்த அறிவுரை முதலில் உரியது.

கூடுதல் ஊதியத்தைத் தேர்ந்தெடுக்கும் பிள்ளையைப் பற்றியும் ஒரு சொல். கல்விக்கடன் ஐந்து லட்சம் இருந்து, வட்டி பத்து விழுக்காடு என்றால், ஓராண்டு வட்டியே 50,000 ரூபாய். படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கட்ட வேண்டாம் என்று வங்கி சலுகை தரும். அக்காலத்திலும் வட்டி வளர்ந்துகொண்டே இருக்கும். அத்தகைய வீட்டுப் பிள்ளை 22,000 ரூபாய் வேலைக்குப் போனால் அது பேராசையன்று, கடமை. அந்தப் பிள்ளையிடம் "நீ அனுபவத்தை இழந்துவிட்டாய்" என்று திருமண வீடுகளில் பரிவோடு பேசுவதை உறவினர்கள் நிறுத்திக்கொள்ளலாம்.

ஆனால் ஆணையிலுள்ள எண்ணை அப்படியே நம்பிவிடக் கூடாது. நிறுவனங்கள் சி.டி.சி. என்று ஆண்டுத் தொகையைக் காட்டுகின்றன. அதில் முதலாளி செலுத்தும் வருங்கால வைப்பு நிதிப் பங்கு, பணிக்கொடைக்கான ஒதுக்கீடு, காப்பீட்டுக் கட்டணம் ஆகியவையும் சேர்ந்திருக்கலாம். பணிக்கொடை பொதுவாக ஐந்தாண்டு தொடர்ந்து பணியாற்றிய பின்னரே கிடைப்பது. இரண்டாண்டில் விலக நினைக்கும் பிள்ளைக்கு அது தாளில் உள்ள தொகை மட்டுமே. மாதம் கைக்கு வருவது எவ்வளவு என்று எழுத்தில் கேட்டுப் பெறுவதில் கூச்சம் தேவையில்லை.

அதேபோல, "இத்தனை ஆண்டுக்குள் விலகினால் இவ்வளவு கட்ட வேண்டும்" என்ற பத்திரத்தில் கையெழுத்துக் கேட்கும் இடங்கள் பல. "அதெல்லாம் செல்லாது, போட்டுவிடு" என்று சொல்வோர் ஊருக்கு ஒருவர் இருக்கிறார். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், ஒரு பொதுத்துறை வங்கி விதித்த மூன்றாண்டு, இரண்டு லட்ச ரூபாய் நிபந்தனையைச் செல்லும் என்று தீர்ப்பளித்தது. எனவே கையெழுத்திடுமுன், தரப்படும் பயிற்சி அந்த ஆண்டுகளுக்கும் அந்தத் தொகைக்கும் தகுமா என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். அசல் சான்றிதழ்களை ஒப்படைக்கச் சொல்லும் இடத்திலோ, எண்ணிப் பார்க்கவும் வேண்டியதில்லை, எழுந்து வந்துவிடலாம்.

இத்தனைக்கும் மேலாக, வீடுகளில் வாய்திறந்து பேசப்படாத செய்தி ஒன்று உண்டு. கற்கும் ஆண்டுகளுக்கு விலை கொடுக்கக் குடும்பம் முன்வருவது யாருக்காக? மகன் ஐ.ஏ.எஸ். தேர்வுக்கு மூன்றாண்டு வேலையின்றிப் படித்தால், "படிக்கிறான்" என்று பெருமையாகச் சொல்கிறார்கள். மகள் இரண்டாண்டு 8,000 ரூபாய்க்குப் பயிற்சி பெற்றால், "இதற்கு வீட்டிலேயே இருந்து மாலையில் டியூஷன் எடுக்கலாமே" என்கிறார்கள். மகன் பெறும் பயிற்சி குடும்பத்துக்குத் திரும்பி வரும், மகள் பெறும் பயிற்சி இன்னொரு வீட்டுக்குப் போய்விடும் என்ற கணக்கு அதன் அடியில் இருக்கிறது. கணக்கு என்ற அளவிலும் அது பிழையானது. திருமணத்துக்குச் செலவிடத் தயாராக வைத்திருக்கும் தொகையில் ஒரு பகுதியே அந்த 3,36,000 ரூபாய். மண்டபத்துக்கும் பந்திக்கும் ஒரே நாளில் செலவாகும் தொகை, அவள் கையில் ஒரு தொழிலாக முப்பது ஆண்டு நிற்கக்கூடும். கணவனை இழந்தோ, வேலையிழந்த கணவனைத் தாங்கியோ நின்ற பெண்கள் எல்லாக் குடும்பங்களிலும் உண்டு. அவர்களிடம் கேட்டால் தெரியும், கையிலிருந்த தொழில் எப்போது உதவிற்று என்று.

ஊதியமா அனுபவமா என்று கேட்டால், மகனுக்கு ஒரு விடையும் மகளுக்கு வேறொரு விடையும் வருகின்ற வீட்டில், அந்தக் கேள்வி ஊதியத்தைப் பற்றியதே அன்று.

செய்யாற்றுக் குடும்பத்துக்குத் திரும்பலாம். மகள் இரண்டு ஆடிட்டர் அலுவலகங்களைப் பார்த்து வருகிறாள். மோட்டாரை மாற்றாமல் இன்னும் ஒரு பட்டம் ஓட்ட முடியும் என்று தந்தை கணக்கிடுகிறார். வளையல் அடுத்த அறுவடை வரை கடனிலேயே இருக்கட்டும் என்று தாய் சொல்கிறார். சொல்லும்போது முகம் சற்றே வாடத்தான் செய்யும். கூட்டுறவுச் சங்கத் தவணைகளை எழுதி வைத்திருக்கும் அதே நோட்டுப் புத்தகத்தில் தந்தை ஒரு பக்கம் திருப்பி எழுதுகிறார்: மாதம் 14,000 வரவு இல்லை, மேற்செலவு 4,000, இருபத்து நான்கு மாதம். அதற்குக் கீழே மகள் தன் கையால் எழுதுகிறாள்: ஆறாம் மாத முடிவில், தனியாக ஒரு சிறு நிறுவனத்தின் தணிக்கைக் குறிப்பை எழுத முடியவேண்டும், முடியாவிட்டால், திருத்துவார் இல்லாவிட்டால், வேறு அலுவலகம் தேட வேண்டும். பாட்டிக்கு எழுத்துத் தெரியும்; கண்தான் மங்கல். பேரனை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "ஆறாம் மாதம் என்றால் தை மாதம். எனக்கும் வந்து சொல்" என்கிறார்.